ஐந்தாம் வகுப்போடு முடியும் அருகிலுள்ள பள்ளியா, பன்னிரண்டு வரை உள்ள தொலைவான பள்ளியா?

தண்டையார்பேட்டை அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் வீட்டுக்கு அருகில் ஒரு மழலையர் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். அங்கே அதற்கு மேல் வகுப்பு இல்லை என்பதால் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்தாக வேண்டும். மே மாதத்தில் அவளுக்கு ஐந்து வயது நிறைவடைகிறது. நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி மின்ட் பக்கம் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறார். காலையில் குழந்தையைக் கொண்டுபோய் விடுவது நான், மாலையில் அழைத்து வருவது என் மாமியார்.

மூன்று பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள நர்சரி மற்றும் பிரைமரி பள்ளி. பழைய பள்ளி, சிறிய கட்டடம், சமச்சீர் பாடத்திட்டம், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். இரண்டாவது, பெரம்பூரில் உள்ள மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. பெயர் பெற்றது, பன்னிரண்டு வரை உண்டு, ஆனால் வேனில்தான் போய்வர வேண்டும். மூன்றாவது, மாதவரம் தாண்டிப் புதிதாக வந்திருக்கும் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. அங்கே சென்று பார்த்தபோது வகுப்பறைகளும் விளையாட்டுத் திடலும் மனத்தைக் கவர்ந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மனம் முதல் பள்ளியின் பக்கம் சாய்கிறது. வீட்டில் உள்ளவர்களோ, ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு ஆறாம் வகுப்புக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் திடமான பதில் இல்லை. இப்பகுதியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர்வாசி எழுதியது:

ஐயா, இரண்டாவது பள்ளியையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பெரம்பூரில் ஒரே பள்ளியில் எல்.கே.ஜி. முதல் படிக்கிறார்கள். ஒருமுறை சேர்த்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை இடம் தேடி அலைய வேண்டிய கவலை இல்லை என்பதை எளிதாக எடைபோட வேண்டாம். மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் இடங்கள் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடுகின்றன, ஒன்றாம் வகுப்பில் ஒரு சில இடங்கள் காலியாகலாம், ஆறாம் வகுப்பில் அதுவும் இல்லை. இப்போது கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு ஐந்தாண்டு கழித்து அதே வாசலில் வந்து நின்றால், அன்றைக்குக் கேட்கும் தொகையும் வேறாக இருக்கும், பேசும் தொனியும் வேறாக இருக்கும்.

பெரிய பள்ளியில் நூலகம், ஆய்வகம், விளையாட்டு ஆசிரியர், மேடை நிகழ்ச்சிகள் என்று பல உண்டு. சிறிய நர்சரி பள்ளியில் காலை வணக்கக் கூட்டமே மாடிப்படியை ஒட்டிய நடையில்தான் நடக்கும்.

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா எழுதியது:

பள்ளிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் வயதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைவடைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயங்கள் 2022-23 கல்வியாண்டிலேயே அதற்கு மாறிவிட்டன, சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற தனியார் பள்ளிகளிலும் பல ஆறு வயதைக் கேட்கின்றன. உங்கள் மகளுக்கு மே மாதத்தில் ஐந்துதான் நிறைவடைகிறது. எனவே மாதவரம் பள்ளியில் அவளை மீண்டும் யு.கே.ஜி.யில் உட்காரச் சொல்ல வாய்ப்பு அதிகம். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு கூடுதலாக விளையாடிவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தை பல நேரங்களில் நிதானமாகப் படிக்கிறது. ஆனால் கட்டணத்தைச் செலுத்திய பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, குழந்தைக்கோ உங்களுக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று எது வைத்தாலும் அது சட்டத்துக்கு மாறானது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்வதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை என்ற பெயரில் தலைக்கட்டணம் வாங்கினால் அதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். நடைமுறையில் ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று சொல்லிக் குழந்தையிடம் நிறங்களின் பெயரையும், அம்மாவிடம் அவர் படித்த படிப்பையும் கேட்பார்கள். அம்மா பட்டதாரி இல்லை என்பதால் இடம் மறுக்கும் பள்ளியில் பிறகு எல்லாப் பாடத்தையும் வீட்டில்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கேள்வியிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளியின் அங்கீகார ஆணை எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். தீயணைப்புத் துறையின் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை நடப்பில் இருந்தால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு இறுக்கப்பட்ட நடைமுறை இது. பழைய, குறுகிய கட்டடத்தில் நடக்கும் பள்ளி என்கிறீர்கள். மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

முன்னாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

வியாசர்பாடியிலும் பின்னர் கொடுங்கையூரிலும் தனியார் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளியைப் பார்க்க வருகிற பெற்றோர் பெரும்பாலும் முதல்வரின் அறையைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே கோப்பைகளும் பத்தாம் வகுப்பு மாணவர்களின் படங்களும் இருக்கும். பத்தாம் வகுப்பில் 490 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும், உங்கள் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் வரப்போகும் ஆசிரியைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு பெரிய பள்ளி தன் திறமையான ஆசிரியர்களையும் நல்ல சம்பளத்தையும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஒதுக்குவதும், கல்லூரி முடித்த கையோடு வந்த பெண்ணிடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுப்பதும் வழக்கமாக நடப்பதுதான். அந்தப் பெண் திறமையற்றவர் என்று பொருளில்லை. அவர் ஜூனில் வந்து, திருமணம் நிச்சயமானதும் ஜனவரியில் போய்விடுவார், அல்லது இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் பள்ளிக்கு மாறிவிடுவார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியர்களைப் பார்த்தால் அது எழுதுவதும் வாசிப்பதும் சிதறிப்போகும். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளின் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள்? தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களா? பதிலைப் பள்ளி நிர்வாகத்திடம் மட்டும் கேட்காதீர்கள். மாலை மூன்றரை மணிக்கு வாசலில் நிற்கும் பாட்டிமார்களிடம் கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

இரண்டாவதாக, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் நோட்டுப் புத்தகங்களில் நாலைந்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம், ஒரே வரிசை, ஒரே மாதிரி அடிக்கோடு, எல்லாவற்றுக்கும் ‘வெரி குட்’ என்றிருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை அவை. ஒரு நோட்டில் தவறு இருந்து, ஆசிரியர் அதைத் திருத்தி, அடுத்த பக்கத்தில் அந்தக் குழந்தை மீண்டும் முயன்றிருக்கும் தடயம் தெரிந்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது. கையெழுத்தின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். நாலு கோடு நோட்டில் எல்.கே.ஜி. குழந்தை சேர்த்தெழுதுவதைப் பெருமையாகக் காட்டும் பள்ளிகள் நம் பகுதியில் நிறைய. அந்த விரல்கள் அதற்குத் தயாராக இல்லை என்பதுதான் என் அனுபவம்.

மூன்றாவது தமிழ். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். பிற வாரியப் பள்ளிகளுக்கும் அது படிப்படியாக விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாடவேளை அட்டவணையில் இருப்பது வேறு, குழந்தை படிப்பது வேறு. மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற மொழியையே தட்டுத்தடுமாறி வாசிக்கும் குழந்தை ஆங்கிலத்தை மட்டும் புரிந்து படிக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அது மனப்பாடம் செய்கிறது.

வகுப்பில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். தொடக்க நிலையில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. 45 குழந்தைகள் உள்ள வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே என் வேலை கற்பித்தல் இல்லை, அமைதியாக வைத்திருத்தல்.

கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். வரவேற்பறைக்கு அருகில் உள்ளதை அல்ல, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் போவதை. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, ஆயா அருகில் இருக்கிறாரா என்று. நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பெண் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்தே தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுபோவார்கள்.

எர்ணாவூர்க்காரன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதியில் தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூர் வரைபடத்தில் மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் ரயில் பாதைகள் கிடக்கின்றன. கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டால் வேன் அங்கேயே நிற்கும். வியாசர்பாடிப் பக்கமாகச் சுற்றினால் கணேசபுரம் சுரங்கப்பாதை. வடகிழக்குப் பருவமழையில் அதன் நிலை எல்லோருக்கும் தெரியும். பெரம்பூர், ஓட்டேரி பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளால் பாதைகளை மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஒன்பது மணிப் பள்ளிக்கு வேன் ஏழரைக்கு வரும், ஏனென்றால் உங்கள் மகள் முதலில் ஏறும் குழந்தையாக இருந்தால் மற்ற தெருக்களையெல்லாம் சுற்றித்தான் அது போகும். ஐந்து வயதுக் குழந்தை காலையில் ஏழு மணிக்கு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவதை ஓராண்டு பார்த்தால் அந்தப் பள்ளியின் நூலகம் உங்களுக்கு நினைவுக்கே வராது.

வேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளை வகுத்தது. உதவியாளர், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என எல்லாம் அதில் உண்டு. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வாகனங்களை நிறுத்திவைத்து ஆய்வு செய்கிறார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பள்ளியின் பெயரில் ஓடும் வாகனத்துக்குத்தான். நம் தெருக்களில் குழந்தைகளைத் திணித்துக்கொண்டு போகும் தனியார் ஆம்னி வேன்களைப் பற்றிக் கேட்டால், ‘அது பெற்றோர் ஏற்பாடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று பள்ளி கைகழுவிவிடும். எது பள்ளி வாகனம், எது பெற்றோர் ஏற்பாடு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் பள்ளி பார்க்கிறவர்கள் காற்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நாங்கள் மறக்கவில்லை. 2024 அக்டோபர் இறுதியில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் மூச்சுத்திணறி மயங்கினார்கள். விடுமுறைக்குப் பின் பள்ளியைத் திறந்தபோதும் அதே நடந்தது. எனவே, வாயு நாற்றம் வந்தால் குழந்தைகளை எங்கே கொண்டுபோவீர்கள், பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்று பள்ளியிடம் கேட்பது நம் ஊரில் மிகை அல்ல. பதில் சொல்லத் திணறினால் இதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்று பொருள்.

பள்ளி வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது என்பதும் அப்படித்தான். எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி சாலையிலோ கன்டெய்னர் லாரி வரிசையை ஒட்டிய வாசல் என்றால், உங்கள் மாமியார் மாலையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

தண்டையார்பேட்டை அப்பா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாதவரம் பள்ளியில் தொலைபேசியில் விசாரித்தேன். குமாஸ்தா ஐயா சொன்னதுபோலவே ஆறு வயது நிறைவடையாவிட்டால் யு.கே.ஜி.தான் என்றார்கள். அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

பெரம்பூர் பள்ளியில் நோட்டுப் புத்தகம் பார்க்க அனுமதி கேட்டேன். அப்படி வழக்கமில்லை என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அருகிலுள்ள சிறிய பள்ளியில் தலைமையாசிரியை உடனே ஒன்றிரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு நோட்டில் ‘பள்ளம்’ என்பதைப் ‘பல்லம்’ என்று எழுதியிருந்த குழந்தைக்கு அடுத்த பக்கத்தில் ளகரச் சொற்களாகவே எழுதக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை என் மனைவியின் தோழி சிறுமியாக இருந்தபோதே அங்கே இருந்தவராம். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அதன் அடியில் பழைய மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விளையாட இடம் இல்லை என்பதும் உண்மைதான்.

கட்டணத்தில் ஒரு குழப்பம். பெரம்பூர் பள்ளியில் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவானதற்குத்தான் ரசீது தருவார்களாம். மீதி ‘ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, புத்தகம்’ என்று தனிச் சீட்டில் எழுதித் தருவார்களாம். இது எல்லா இடத்திலும் உள்ளதுதானா?

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா எழுதியது:

பரவலாக உள்ளதுதான், அதனால் சரியாகிவிடாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் உள்ள குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியே கட்டணம் நிர்ணயிக்கிறது. அமைவிடம், உட்கட்டமைப்பு, நிர்வாகச் செலவு ஆகியவற்றைப் பார்த்து மூன்று கல்வியாண்டுகளுக்கு நிர்ணயிப்பார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இதன் கீழ் வருகின்றன. குழுவின் ஆணை எந்தப் பள்ளிக்கு எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லும், இணையத்திலும் பார்க்கலாம். அந்தத் தொகைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அதனால்தான் கூடுதல் தொகை தனிச் சீட்டுக்குப் போகிறது.

சேர்க்கைக்கு முன்பே பெற்றோர் சண்டைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நடைமுறை எனக்கும் தெரியும். ஆனால் குழு நிர்ணயித்த தொகையைப் பார்த்துவிட்டுப் பேசுகிற பெற்றோரிடம் அலுவலகத்தில் பேசும் விதமே மாறுகிறது. தனிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காமல், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தையின் பெற்றோர் இந்த ஆண்டு மொத்தமாக எவ்வளவு கட்டினார் என்று கேட்டால்தான் உங்கள் ஐந்தாண்டுச் செலவு தெரியும். வேன், சீருடை, காலணி, ஆண்டு விழா உடை எல்லாம் சேர்த்து.

இன்னொன்று: கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும், பாக்கி இருப்பதை அதில் குறிப்பிடக் கூடாது என்றும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிடிக்காத பள்ளியில் பயந்துகொண்டு தொடர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கொடுங்கையூர் புதியவர் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களில் ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா?

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா எழுதியது:

அந்த ஒதுக்கீடு பள்ளியின் நுழைவு வகுப்புக்கு உரியது. எல்.கே.ஜி.யிலிருந்து தொடங்கும் பள்ளியில் அது எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும், ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளியாக இருந்தால்தான் நீங்கள் முயலலாம். நலிந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்ற வரையறையும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இது பொருந்தாது; ராயபுரத்திலும் சௌகார்பேட்டையிலும் அத்தகைய பள்ளிகள் அதிகம். 2025-26இல் ஒன்றிய அரசின் நிதி வராததால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஆகவே இதை மட்டுமே நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருக்க வேண்டாம்.

ராயபுரத்து அம்மா எழுதியது:

தண்டையார்பேட்டைத் தம்பிக்கு: உங்கள் வீட்டில் கேட்கும் ஆறாம் வகுப்புக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பெரம்பூர்வாசி சொன்னது மெட்ரிகுலேஷன் பள்ளிகளைப் பொறுத்தவரை சரி. ஆனால் வடசென்னையில் அவை மட்டுமா இருக்கின்றன? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று எங்கும் நூறாண்டு கண்ட அரசு உதவிபெறும் பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆறாம் வகுப்புதான் பெரிய நுழைவாயில். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்படியே அவை அமைந்தவை. என் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு வரை தெருக்கோடி நர்சரி பள்ளியில் படித்தாள், ஆறாம் வகுப்பில் உதவிபெறும் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். விண்ணப்பம் வாங்கி, சான்றிதழ்களைக் கொடுத்து, சேர்ந்தாள், அவ்வளவுதான்.

அரசுப் பள்ளியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே விதி. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் பின்னர் அதை விரிவுபடுத்தினார்கள். உதவிபெறும் பள்ளிகளுக்கு அது இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் அந்த உரிமை போகாது. ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளி ஒரு முட்டுச்சந்து என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். உங்கள் மகளின் பத்தாவது வயதில், அவளுடைய இயல்பு என்னவென்று தெரிந்த பிறகு, மீண்டும் ஒருமுறை தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உதவிபெறும் தொடக்கப் பள்ளியை நீங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நிர்வாகம் தனியாருடையது, சம்பளம் அரசு தருகிறது, ஆகவே ஆசிரியர்கள் ஓய்வு பெறும்வரை இருப்பார்கள். ஆசிரியை அம்மா முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு அங்கே எளிதாக விடை கிடைத்துவிடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 2025 ஆகஸ்ட் முதல் நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆங்கில வழி இருக்கிறதா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதைப் பள்ளிதோறும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரம்பூர்வாசி எழுதியது:

அம்மா சொன்ன வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதில் தோழிகளைப் பிரிந்து, முந்நூறு பேர் படிக்கும் பள்ளியிலிருந்து மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளிக்குப் போகும் குழந்தை தடுமாறாதா? விளையாட இடமே இல்லாத பள்ளியில் ஐந்து ஆண்டுகள் என்பது சிறிய குறை அல்ல. நோட்டுப் புத்தகத்தைக் காட்டவில்லை என்பதற்காக ஒரு பள்ளியைத் தள்ளிவிடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயிரக்கணக்கான பெற்றோர் வரும் இடத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

முன்னாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

விளையாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரியானது, ஐயா. சிறிய பள்ளியின் பெரிய குறை அதுவே, அதற்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன். ஆனால் திடல் உள்ள பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்புக்கு அது வாரத்தில் எத்தனை பாடவேளை கிடைக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் திடல் பெரியது. உயர் வகுப்புகளின் விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சிறு குழந்தைகளை அதில் கால் வைக்க விடமாட்டார்கள். பத்து நிமிட நடையில் வீடு திரும்புகிற குழந்தைக்கு நான்கு மணிக்கு மாநகராட்சிப் பூங்கா இருக்கிறது. வேனில் ஐந்தரைக்கு வந்து இறங்குகிற குழந்தைக்கு எதுவும் இல்லை.

வீட்டுப்பாடத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் இவ்வகுப்புகளுக்குப் புத்தகப்பை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை வரம்பு விதித்தது. பள்ளி விடும் நேரத்தில் ஒரு குழந்தையின் பையைத் தூக்கிப் பாருங்கள், தராசு வேண்டியதில்லை.

பத்து வயதில் பள்ளி மாறுவது கடினம் என்பது குழந்தையைப் பொறுத்தது. நன்றாக வாசிக்கத் தெரிந்த குழந்தை எங்கே போனாலும் ஒரு பருவத்துக்குள் நிலைபெற்றுவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

எர்ணாவூர்க்காரன் எழுதியது:

சிறிய பள்ளியையே முடிவு செய்தால் அந்தப் படிக்கட்டின் அடியில் உள்ள மேசைகளை அகற்றும்படி இப்போதே சொல்லுங்கள். சேர்ந்த பிறகு சொன்னால் குறை சொல்பவர் ஆகிவிடுவீர்கள். சேர்க்கைக்கு முன்பு சொன்னால் மேசைகள் நகர்ந்துவிடும்.

தண்டையார்பேட்டை அப்பா எழுதியது:

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். கோடை விடுமுறையில் எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு முன்பே எடுக்கும்படி கேட்டிருக்கிறேன். ராயபுரத்து அம்மா சொன்னபடி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றையும் பார்த்தோம். ஆசிரியர்களைப் பற்றி நல்ல பெயர்தான், ஆனால் அந்தச் சாலையை மாமியார் கடக்க வேண்டும் என்பதால் மனைவி தயங்குகிறார். பெரும்பாலும் நடந்து போகும் பள்ளியாகவே இருக்கும். பெரம்பூர்வாசி ஐயா, உங்கள் எச்சரிக்கையை மறக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கான பள்ளிகளை நான்காம் வகுப்பிலேயே பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

ஒரு கடைசி ஐயம். இப்போது படிக்கும் மழலையர் பள்ளியில், மாற்றுச் சான்றிதழ் வேண்டுமானால் மூன்றாம் பருவக் கட்டணத்தோடு தனியாக ஒரு தொகையும் கட்டச் சொல்கிறார்கள். அது இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியுமா?

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா எழுதியது:

முடியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மழலையர் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தேவையில்லை. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். அதுகூட இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. படித்த பருவத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அது நியாயம். சான்றிதழுக்கென்று கேட்கும் தொகையைக் கட்டத் தேவையில்லை. அந்த மழலையர் பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண், இருக்கக்கூடும். இருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்கிப் புதிய பள்ளியில் கொடுங்கள், அதே எண் தொடரும். இல்லையென்றால் அவர்களே புதிதாக உருவாக்கிக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வேறுபட்டிருந்தால் மே மாதக் கூட்ட நெரிசலுக்கு முன்பே திருத்திக்கொள்வது எளிது.